பல நாடு பயின்ற குரு: தனிநாயகம் அடிகளார்

நம் பங்கின் ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். பீடத்தில் ஏற்றப்படாத ஒரு குருவைப் பற்றி எழுத அனுமதி கேட்டோம். அவர்கள் சற்றுத் தயங்கிப் பிறகு இசைந்தனர். நாம் இப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு.

பங்கு அலுவலகத்தின் கதவைத் தட்டி வருவோரில் பாதிப் பேர் இப்போது பயணக் காகிதங்களுக்காகவே வருகின்றனர். மகன் பிரான்சுக்குப் படிக்கப் போகிறான், நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்பார் ஒருவர். மகள் கனடாவில் இடம் பெற்றிருக்கிறாள், ஒரு பூசை வைக்க வேண்டும் என்பார் இன்னொருவர். சொல்தா குடும்பங்கள் நிறைந்த காரைக்காலில் கடல் கடப்பது புதிய செய்தி அன்று. ஆயினும் சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு தாய் கடிதத்தை வாங்கிக்கொண்டும் எழுந்து போகவில்லை. மூத்த மகன் போய் ஒன்பது ஆண்டு ஆகிறது; கைப்பேசியில் பேசும்போது பேரப்பிள்ளைக்குத் தாம் சொல்வது விளங்குவதில்லை; இப்போது இளையவனும் போகிறான்; இவனும் அப்படித்தான் ஆவானா என்று கேட்டார். அவருக்குச் சொல்லத் தக்க மறுமொழி அன்று நம்மிடம் இல்லை. அவர் போன பின்தான் தனிநாயகம் அடிகளாரின் நினைவு வந்தது.

சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் அவருக்கு வழங்கிய பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரைப் பின்னாளில்தான் ஏற்றார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அக்காலத்தில் அத்தகைய கல்லூரிகளில் ஆங்கிலமே அரசு செலுத்தியது. நன்றாகப் படித்த பிள்ளை என்றால் ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை என்று பொருள். தமிழ் வீட்டில் பேசும் மொழி; அதை யாரும் தனியே கற்பதாகக் கருதியதில்லை. இந்தக் கருத்து யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடவும் இல்லை, அந்தக் காலத்தோடு போய்விடவும் இல்லை.

1931-இல் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்தார். 1934-இல் உரோமைக்குப் புறப்பட்டார். இவ்விடத்தில் தூத்துக்குடியின் ஆயர் திபுர்சியுஸ் ரோச் ஆண்டகையை நினைவுகூர வேண்டும். தற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் இந்தியரான முதல் ஆயர் அவர், 1923-இல் பொறுப்பேற்றவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளையைத் தம் மறைமாவட்டத்துக்கு ஏற்றுக்கொண்டவர் அவரே. அந்த ஒரு முடிவினால்தான் ஈழத்தில் பிறந்தவர் பாண்டி நாட்டுக் குருவானார்.

உரோமையில் ஊர்பானியானா பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் பயின்றார். மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்கென ஏற்பட்ட கல்விக்கூடம் அது. சீனர், ஆப்பிரிக்கர், அராபியர், ஐரோப்பியர் எல்லாரும் ஒரே மேசையில் உணவருந்துவார்கள். இலத்தீனும் இத்தாலியமும் அங்கே அன்றாட மொழிகள். பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகேயம், ஜெர்மன் ஆகியவற்றிலும் அடிகளார் நாளடைவில் தேர்ச்சி பெற்றார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தாகு நகரக் குருக்கள் பற்றியது. ஆப்பிரிக்கக் கரையின் ஓர் ஊர்த் திருச்சபையை, அதன் சொந்த மண்ணோடும் மக்களோடும் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், தம் சொந்த மண்ணைப் பற்றித் தமக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அவருக்குள் எழுந்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறோம். உரோமையிலேயே தமிழ் மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார் என்பதைக் கொண்டு இதை ஊகிக்கிறோம். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி அடிகள் தமிழில் காப்பியமே பாடினார். தமிழ்நாட்டார் இத்தாலிக்குப் போய் அவரை நினைக்கையில், தம் தமிழ் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா?

நம் நிலையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நாம் குருமடத்தில் தத்துவத்தையும் இறையியலையும் ஆங்கிலத்தில் படித்தோம்; தேர்வும் ஆங்கிலத்தில்தான். குருப்பட்டம் பெற்ற பின் முதல் பங்கில் பொங்கல் விழாவுக்குப் பேச அழைத்தார்கள். ஒரு சங்கப் பாடலைச் சொல்லி விளக்க முயன்று பாதியில் நின்றுவிட்டோம். முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடத் தமிழாசிரியர் தலை குனிந்துகொண்டார். நமக்காகத்தான் அவர் வெட்கப்பட்டார். அந்த ஞாபகம் இன்றும் சுடுகிறது. ஆகவே அடிகளாரின் வாழ்க்கையில் இனிச் சொல்லப்போகும் பகுதியே நமக்கு மிகவும் பிடித்த பகுதி.

1940-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். புனித தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அங்கே புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு. உரோமையில் முனைவர் பட்டம் பெற்றவர், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர், இருபத்தேழு வயது குரு, அந்தச் சிற்றூரில் சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்து இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். ஓரிரு மாதம் அன்று, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர்; ஓய்வு நேரத்தில் தாமே பிள்ளை. உரோமைக் கல்வி அவருக்குச் செருக்கைத் தந்திருந்தால் இது நடந்திராது. பல மொழிகளை அடிப்படையிலிருந்து கற்றுப் பழகியவருக்கு, மீண்டும் ஒரு முறை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதில் கூச்சம் இருக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பு அவருக்குத் தந்தவற்றுள் இதையே முதலாவதாக வைப்போம்.

1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். நமக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சிதம்பரத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பேராசிரியர்கள் இருந்த காலம் அது. வயது முப்பத்திரண்டு. உடன் படித்தவர்களில் பலர் அவரிடம் பாடம் கேட்கும் வயதினர். முதுகலை முடித்தபின் பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்ற பொருளை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். சங்கப் புலவர் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மன உணர்வை வைத்துப் பாடினார்கள் என்பதை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் படித்து வந்த கண்ணோடு அவர் அதே பாடல்களைப் பார்த்தார். மனித உள்ளத்தையும் நிலத்தையும் இவ்வாறு முறைப்படுத்தி இணைத்தது எவ்வளவு அரிய செயல் என்று அவருக்கு விளங்கியது. நெய்தல் கரையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது விளங்க, உரோமைக்குப் போய்வந்த ஒருவர் வேண்டியிருந்தார். அந்த ஆராய்ச்சி பின்னர் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லலாம். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். 1952-இல் அவர் தொடங்கிய தமிழ்க் கல்ச்சர் என்னும் காலாண்டிதழும் ஆங்கில இதழே. உலக அறிஞர்களின் கண்ணில் தமிழைப் படச் செய்வது அவர் நோக்கம். அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அதன் விலையாக, நம் பங்கில் அவர் பெயரைக் கேள்விப்பட்டோர் இன்று பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் என்பன போன்ற தமிழ் நூல்கள் உண்டு. அவை எளிய நடை உடையவை. வீடுதோறும் இருக்க வேண்டியவை.

1949-இல் மீண்டும் பயணம் தொடங்கினார். ஜப்பான், அமெரிக்க ஐக்கிய நாடுகள், தென்னமெரிக்க நாடுகள், ஐரோப்பா எனச் சுற்றித் தமிழைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பின்பு இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து 1957-இல் இன்னொரு முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையில் பேராசிரியர். இவை வெறும் பட்டியல். விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அங்கங்கே அவர் என்ன கண்டெடுத்தார் என்பதே முக்கியம்.

தமிழ் அச்சு எங்கே தொடங்கியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், பக்கத்திலுள்ள தரங்கம்பாடியைச் சொல்வார்கள். சீகன்பால்கு ஐயர் 1713-இல் அங்கே அச்சகம் நிறுவியது உண்மை; அவருடைய தொண்டு பெரிது. ஆனால் அதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், அண்ட்ரிக் அடிகள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அதற்கும் முன்பு 1554-இல், லிஸ்பனில், தமிழ் மொழியை உரோம எழுத்தில் அமைத்து ஒரு மறைக்கல்விச் சுவடி அச்சாகியிருந்தது. அதை ஆக்கியதில் தமிழர் மூவருக்குப் பங்குண்டு. இத்தகைய நூல்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூலகங்களின் மூலைகளில் கிடந்தன. போர்த்துகேயமும் இலத்தீனும் அறிந்த தமிழர் ஒருவர் அங்கே போகும்வரை தமிழுலகில் அவற்றைப் பற்றிப் பேசுவோர் அரியர். அடிகளார் அவற்றைத் தேடிப் பார்த்து எழுதினார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா அடிகளின் தமிழ்–போர்த்துகேய அகராதியை வத்திக்கான் நூலகப் பிரதியிலிருந்து 1966-இல் மீண்டும் பதிப்பித்தார். தம் ஊரில் கற்க முடியாத தம் மொழி வரலாற்றை அந்நிய நாட்டு அலமாரிகளில் கற்றார் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

கீழை நாடுகளிலும் அப்படியே. தாய்லாந்தின் அரசவைப் பிராமணர் தங்கள் சடங்குகளில் திருவெம்பாவையைப் பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வந்ததை அவர் எடுத்துக் காட்டினார். கம்போடியாவின் பந்தாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனுக்கு அருகே அமர்ந்திருக்கும் மெலிந்த பெண்ணின் சிற்பத்தை அறிஞர் நம் ஊர்க் காரைக்கால் அம்மையார் என்பர். நம் தெருவில் மாங்கனித் திருவிழா காணும் அந்த அம்மை கடல் கடந்தும் போயிருக்கிறார்.

ஆனால் காரைக்காலிலிருந்து கடல் கடந்தவர்கள் எல்லாரும் கல்லில் நிலைத்துவிடவில்லை. 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்கு மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 25,000 பேர் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். கப்பல்கள் புறப்பட்ட துறைகள் புதுச்சேரியும் காரைக்காலும். நம் அரசலாற்று முகத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. அவர்களின் பேரர்கள் கிரியோல் பேசினர், தமிழ் போய்விட்டது. வழிபாட்டில் பாடும் சில பாடல்கள் மட்டும் பொருள் தெரியாத ஒலியாக வாயில் தங்கின. அடிகளார் இந்த மார்த்தினிக் குடியேற்றத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தாய்லாந்து அரண்மனையில் அவர் கண்ட அதே நிலை, கூலி மக்களின் குடிசையிலும் இருந்தது.

நம்மிடம் வந்த தாய் கேட்ட கேள்விக்கு அருகில் இப்போது வந்துவிட்டோம். அதே கடல், அதே பிரெஞ்சுக் கொடி, அதே தூரம். ஒருவர் போன இடங்களிலெல்லாம் தம் மொழியைச் சேர்த்துக்கொண்டு வந்தார், மற்றவர்கள் இழந்தார்கள். அந்தக் கூலி மக்கள் மீது குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை. அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, புத்தகமும் இல்லை, கங்காணியின் அதட்டலுக்கு நடுவே பிள்ளைக்கு அகரம் சொல்லித்தர நேரமும் இல்லை. அடிகளாருக்கு நூலகம் இருந்தது, ஓய்வு இருந்தது, ஆயரின் ஆதரவு இருந்தது. இன்று நம் பிள்ளைகள் எதுவும் இல்லாமல் போகிறவர்கள் அல்லர். கையடக்கக் கருவிக்குள் நூலகம் முழுவதையும் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே அவர்களை அந்தக் கூலி மக்களோடு ஒப்பிட நமக்கு மனம் வரவில்லை.

1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது, அடிகளாரின் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. அதன் தலைவரானவர் பாரிஸ் பேராசிரியர் ழான் பிலியோசா. இவரை நாம் அந்நியராகக் கருத முடியாது. புதுச்சேரியில் 1955-இல் பிரெஞ்சு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. காரைக்கால் அம்மையாரின் பாடல்களைக் காரவேலனார் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, அதை 1956-இல் அந்த நிறுவனம் வெளியிட்டபோது முன்னுரை எழுதியவரும் இவரே. செக் நாட்டவரான கமில் சுவலபில் அடிகளாரோடு செயலாளராகப் பணி செய்தார். பிரெஞ்சுக்காரர் தலைவர், செக்கர் ஒரு செயலாளர், ஈழத்தில் பிறந்த குரு மற்றொரு செயலாளர். இவர்களையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவர அந்த உரோமை மேசைப் பழக்கம் உதவியிருக்கும்.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968 ஜனவரியில் சென்னையில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது. சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோருக்குச் சிலை எழுந்தது அப்போதுதான். மூன்றாவது 1970-இல் பாரிசில், கொலேஜ் தெ பிரான்சில். பிரெஞ்சு அரசு காரைக்காலை விட்டுப் போய்ப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் தலைநகரில் தமிழ் அவை கூடியது.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. பிறந்த மண்ணுக்கு உலக அறிஞர்கள் வந்த நாட்கள் அடிகளாருக்கு மகிழ்ச்சியாக முடிந்திருக்க வேண்டியவை. இறுதி நாளாகிய ஜனவரி 10-ஆம் நாள் மாலை, பொதுக்கூட்டத்துக்குத் திரண்டிருந்த மக்கள் மீது காவல்துறையினர் பாய்ந்தனர். அந்தக் குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் மாண்டனர். தமிழைக் கேட்க வந்த எளிய மக்கள் அவர்கள். இதைப் பற்றி நாம் அதிகம் எழுத விரும்பவில்லை. ஒரு குரு தாம் தொடங்கிய விழாவின் முடிவில் பிணங்களைப் பார்ப்பது எப்படிப்பட்டது என்பதைக் குருக்கள் அறிவோம்.

மொழி ஆராய்ச்சி ஒரு குருவுக்கு வேலையா என்று சிலர் நம்மிடமே கேட்டதுண்டு. அவர் பூசை வைத்தார், செபித்தார் என்பது போன்ற மறுமொழிகளைச் சொல்லலாம். நமக்கு அவை போதுமானவையாகத் தோன்றவில்லை. மக்கள் எந்த மொழியில் அழுகிறார்களோ அந்த மொழியை நன்றாக அறியாதவர், மரணப் படுக்கையில் இருப்பவரின் அருகில் உட்கார்ந்து என்ன பேசுவார்? நாம் பொங்கல் மேடையில் நின்றுபோனது சிறு வெட்கம். அதுவே ஒரு மரணப் படுக்கையருகில் நிகழ்ந்திருந்தால் பெரிய குற்றம் ஆகியிருக்கும்.

அடிகளார் தம் கடைசி நாட்களை யாழ்ப்பாணத்திலேயே கழித்தார். 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபத்தேழு. அடுத்த ஆண்டு மதுரையில் ஐந்தாம் மாநாடு அவர் இல்லாமல் நடந்தது.

அந்தத் தாயைச் சென்ற ஞாயிறு மீண்டும் வரச் சொல்லியிருந்தோம். மகனும் கூட வந்தான். இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். அம்மாவுக்கு முழு ஆறுதல் கிடைத்ததா என்பது நமக்குத் தெரியவில்லை. அவர் மார்த்தினிக் பகுதியைத்தான் இரண்டு முறை கேட்டார். பையன் அடுத்த மாதம் லியோனுக்குப் புறப்படுகிறான். ஒன்றே உலகம் நூலில் நம்மிடம் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவும் அட்டை கிழிந்தது. திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் அவனிடம் கொடுத்திருக்கிறோம்.